பதினாலடிப் படகு

“கழட்டிருவோம்ங்கய்யா. இது முழுசாப் போகாது,” என்றான் கறுப்பையா, டிரக்டரை விட்டு இறங்காமலே.

“ஒண்டும் கழட்டத் தேவையில்லை. பாலத்தை நான் அளந்தனான். போகும்,” என்றார் மகேந்திரராசா.

அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்காரத் துரைக்குப் பொழுது போகவில்லையென்றால் சீட்டு விளையாடியிருக்கலாம். மனுசன் குண்டசாலைப் பட்டறையில் பாய்ப்படகு கட்டினார். அதுவும் ஒன்றல்ல, இரண்டு ஒடுங்கிய தோணிகளைக் குறுக்குச் சட்டம் போட்டு இணைத்த இரட்டைப் படகு. அகலம் பதினாலடி. தண்ணீரில் அந்த அகலம்தான் அதற்குப் பலம், றோட்டில் அதுவே தலையிடி.

முந்திய இரண்டு தடவையும் சட்டத்தைக் கழற்றி, தோணிகளை நெருக்கிவைத்துத்தான் ஆற்று மடுவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே திரும்பப் பூட்ட அரை நாள். பிறகு டிரெயிலரைப் பின்னுக்கு இறக்கினால் சில்லு சேற்றில் புதையும், இருபது பேர் தோள் கொடுக்கவேண்டும். இன்று அணைக்கட்டுக்கு வரைபடம் கீறுகிற மகேந்திரராசா முழுசாகவே ஏற்றச் சொல்லிவிட்டார். துரை நாளைக்கு வந்து ஓட்டப் போகிறாராம்.

துரையோ கொழும்பில். எண்பத்துமூன்று ஆடி மாதம் அது. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிகின்றன, கண்டியிலும் தொடங்கிவிட்டது என்று ரேடியோ சொல்லாததைச் சனம் சொல்லிக்கொண்டிருந்தது.

கறுப்பையாவுக்குப் படகாவது மண்ணாங்கட்டியாவது! பஸ் ஓடவில்லை, ஆறு மணிக்கு ஊரடங்கு. பாலம் தாண்டி ஒரு மைலில் தேயிலைத் தோட்டத்து லயம், வரிசையாகப் பதினெட்டுக் குடும்பம், அதில் அவனுடையதும் ஒன்று. அங்கே பொன்னுத்தாய் பிள்ளை பெற்று ஒன்பது நாள். காடையர்கள் வந்தால் அவளால் நாலடி ஓட முடியாது. டிரக்டர் அந்தப் பக்கம் போகிறதே என்றுதான் அதோடு விட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

மகேந்திரராசா ஐயாவும் இன்று ஒரு மாதிரி. நேற்றுப் போட்ட சட்டையோடேயே வந்திருந்தார். அவருடைய மனைவி பத்மாதேவி அம்மா தவறாமல் கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பார்சலும் கையில் இல்லை. கேட்டதற்கு, “பசிக்கேல்லை. நீ றோட்டைப் பார்,” என்று எரிந்து விழுந்தார்.

வழி முழுக்கப் பெரும்பாடு. ஐயா சிவப்புத் துணியோடு முன்னால் நடந்தார். மதகில் ஒரு தரம் இடித்தது, யாரோ வீட்டு வேலியில் ஒரு தரம் இடித்தது. எதிரே வந்த இரண்டொரு வண்டியும் பின்னுக்குப் போய் வழிவிட வேண்டியிருந்தது. நாலு மைலுக்கு மூன்று மணித்தியாலம். வாய்க்குள்ளே கறுப்பையா திட்டாத திட்டில்லை.

ஒருவழியாகப் பாலம் வந்தது. இரண்டு பக்கமும் ஆளுயர இரும்புச் சட்டம். நுழையும்போது பக்கத்துக்கு மூன்று விரல் இடைவெளி இருந்தது. நடுப்பாலத்தில் முட்டுக் கம்பிகள் உள்ளே தள்ளிக்கொண்டு நின்றன. ‘கிறீச்’ என்றது.

“இறுகிருச்சுங்க! பின்னுக்கு எடுக்கிறேன்!”

“பின்னுக்கு எடுக்காதை! இழு! இன்னும் இழு!”

இழுத்தான். படகு ஆப்பு அடித்த மாதிரி இறுகியது. டிரெயிலர் டயர் ஒன்று வெடித்து, எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

கறுப்பையா குதித்து இறங்கினான். அவன் மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. “என்னத்தைய்யா அளந்தீங்க? கால் அங்குலம் பிசகாத ஆளுன்னு ஊரெல்லாம் பேரு! இனி இதை எடுக்க ரெண்டு நாளாகும். என் பொண்டாட்டி புள்ளைக்கு என்ன பதில் சொல்றது?”

மகேந்திரராசா டிரக்டருக்குப் பின்னால் போனார். குனிந்து டிரெயிலரைப் பூட்டியிருந்த கொளுக்கி ஆணியைத் தானே பிடுங்கி எறிந்தார்.

“படகு கிடக்கட்டும். டிரக்டர் அந்தப் பக்கம்தானே பாத்துக்கொண்டு நிக்குது? கெதியா லயத்துக்கு விடு.”

“தொரைக்கு என்னங்க சொல்வீங்க?”

“ஏறடா எண்டுறன்!”

டிரக்டர் மேட்டில் ஏறும்போதே பின்னால் லொறிச் சத்தம் கேட்டது. கறுப்பையா திரும்பிப் பார்த்தான். ஐயோ கடவுளே! மூன்று லொறி நிறைய ஆட்கள், தடி, கத்தி, பெற்றோல் கலன். பாலத்தில் வந்து முட்டி நின்றார்கள். படகைத் தள்ளினார்கள், கொத்தினார்கள். அது அசையவில்லை. ஆத்திரத்தில் அதன்மேலேயே பெற்றோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். எரிகிற படகைத் தாண்டி எவனால் வரமுடியும்?

நெருப்பு அடங்கி அவர்கள் நடந்து வருவதற்குள், கறுப்பையா தோட்டத்துக் கொழுந்து டிரெயிலரைப் பூட்டி மூன்று நடை ஓடிவிட்டான். பதினெட்டுக் குடும்பமும் மலைக்காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. பொழுது சாய்கிற நேரம் கீழே லயம் எரிந்தது. அதற்குள் ஓர் உயிர்கூட இல்லை.

பொன்னுத்தாய் பச்சைப் பிள்ளையோடு ஐயாவைக் கும்பிட்டாள். கறுப்பையாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிச்சிருங்க சாமி. நல்லவேளை, இன்னிக்குன்னு பாத்துத் தப்பா அளந்தீங்க!”

“சரியாத்தான் அளந்தனான்,” என்றார் மகேந்திரராசா, கீழே எரிவதையே பார்த்தபடி. “ராத்திரி எங்கட வீட்டைக் கொளுத்தினவங்கள், அடுத்தது உங்கட லயமெண்டு கதைச்சவங்கள். கிணத்தடியிலை நிண்டு கேட்டனான். உன்னட்டைச் சொன்னா நீ படகை விட்டிட்டு ஓடியிருப்பாய், பாலம் அவங்களுக்குத் திறந்து கிடந்திருக்கும்.”

கறுப்பையா அவருடைய நேற்றைய சட்டையைப் பார்த்தான். “அப்ப… அம்மா எங்கங்க?”

“அவவுக்கு வெளியிலை வர நேரம் கிடைக்கேல்லை.”