ரம்பத்துக்கு அந்தப் பக்கம்

அவர் மண்டியிட்டு, புது ரம்ப மெஷினின் நான்காவது காலுக்கு அடியில் தகரத் துண்டைச் செருகிக்கொண்டிருந்தார்.

மேடையின் மேல் ரசமட்டம். குமிழி இன்னும் நடுவுக்கு வரவில்லை.

அவள் வழக்கமான இடத்தில் நின்றாள். ரம்பத்துக்கு அந்தப் பக்கம், சுவரோரம்.

கார் ஷெட் என்று பெயர். கார் ஒன்றும் அதில் நின்றதில்லை. மோட்டார் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் அதைத் தன் மரவேலைக்கு எடுத்துக்கொண்டார்.

பழைய ரம்பத்தை நேற்றுதான் ஓரம் கட்டினார். அதில் எட்டடிப் பலகையை அறுக்க இரண்டு பேர் வேண்டும். அவர் இந்தப் பக்கமிருந்து தள்ளுவார். அந்தப் பக்கம் வருவதைக் கணவனுக்காக அவள் தாங்கிக்கொள்வாள்.

பிடி. தூக்கு. இறக்கு. மெல்ல. போதும்.

இரண்டு வருடமாக அவர் அவளிடம் பேசியது இந்த ஐந்து சொற்கள்தான்.

வீட்டுக்குள் அதுவும் கிடையாது. சாப்பிட வந்து உட்காருவார். எழுந்து போவார். உப்புக் கூடிப்போனால் தட்டை நகர்த்தி வைப்பார்.

மகள் சிந்துஜா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன அன்று ஆரம்பித்தது. இனி அவளோடு பேசுகிறவர்கள் என்னோடு பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெற்றவள் பயந்தாள். மகளோடு பேச்சை விட்டாள். அவராவது இவளோடு பேசியிருக்கலாம். அவரும் வாயை மூடிக்கொண்டார்.

சிந்துஜா துடியலூரில்தான் இருக்கிறாள். ஒரே பஸ். கொஞ்ச நாள் போன் அடித்துப் பார்த்துவிட்டு அவளும் ஓய்ந்துபோனாள்.

மிச்சம் இருந்தது இந்த ஷெட்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். சில நாள் வேண்டுமென்றே பலகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பாள்.

இறக்கு என்பார்.

இறக்குவாள். அன்றைக்கு அது போதும்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் ஒரு சொல்லுக்காகத் தப்புச் செய்கிறவள் ஊரில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனாலும் செய்தாள்.

ஆறு மாதமாக அவளுக்கு வலது தோள் இறுகிக் கிடக்கிறது. கை மேலே எழாது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வர வேண்டாம் என்றுவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள்.

மெஷினை இறக்க வந்த ஆட்கள்தான் சொன்னார்கள். அம்மாவுக்குத் தோள் முடியலை, ஒற்றை ஆளாக நின்று அறுக்கிற மாதிரி வேண்டும் என்று தேடித் தேடி வாங்கினாராம்.

கவனித்திருக்கிறார். கடைக்காரருக்குச் சொல்லியிருக்கிறார். வண்டிக்காரருக்கும் சொல்லியிருக்கிறார்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றவில்லை.

குமிழி நடுவுக்கு வந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். மூலைமட்டத்தைப் பிளேடோடு சேர்த்து வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். போல்ட்டைக் கால் சுற்றுத் திருகினார். மறுபடியும் பார்த்தார். மறுபடியும் திருகினார்.

அந்தப் பொறுமையைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

சுவரில் சாய்த்திருந்த பலகையை நகரும் மேடையின் மேல் சரித்து ஏற்றினார். அவள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தயாரானாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க நிக்காத. மேடை வந்து இடிச்சுரும்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் குரல் இவ்வளவு இதமாக இருந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அதுதான் அவளைக் கொன்றது.

விலகிக்கொண்டாள்.

ரம்பம் சுழன்றது. மேடை பலகையைச் சுமந்துகொண்டு வழுக்கிப் போய், அவள் நின்றிருந்த இடத்தில் முடிந்தது. பலகை நேராக இரண்டாகியிருந்தது. யாரும் பிடிக்கவில்லை. யாரும் தாங்கவில்லை.

அவர் அறுத்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு. அவள் பக்கம் திரும்பி, இனி நீ போகலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஷெட்டில் இரண்டாவது பலகை அறுபட்டது. மூன்றாவது. நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. யாருக்காகவும் அது காத்திருக்கவில்லை.

அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

இனி அவரிடமிருந்து வாங்க ஒரு சொல்லும் இல்லை. இழக்கவும் இல்லை.

எழுந்தாள்.

வேறு புடவை கட்டிக்கொண்டாள். இடது கையாலேயே தலையை வாரினாள். கேட்டுக்குப் போக ஷெட்டைக் கடக்க வேண்டும். அவர் குனிந்து அடுத்த பலகைக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைச் சாத்திய சத்தம் கேட்டிருக்காது.

துடியலூர் பஸ்ஸில் கூட்டமில்லை. எந்த ஸ்டாப் என்று கண்டக்டர் கேட்டார். சொன்னாள். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவள்தான் அந்த முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"பொண்ணு ஊட்டுக்குப் போறனுங்க."