ராகு காலத்தில் ஒரு தபால்

"இன்னுமா பெட்டியில போடல? என்னப்பா நீ!"

அம்சா பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள். பி.காம். இரண்டாம் வருஷம். வெள்ளிக்கிழமை வணிகச் சட்டப் பரீட்சை. அவளுடைய அப்பா முனிரத்தினம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஓரிக்கை ரோட்டில் முன்னால் சைக்கிள் கடை, பின்னால் குடித்தனம். பதினாறு வருஷமாக வாடகை இடம்.

இப்போது அந்த இடமே அவருக்குச் சொந்தமாகிவிடும்போல இருந்தது. இடத்துக்காரர் கோதண்டபாணி கூரம் கிராமத்திலிருந்து தன் கைப்படக் கடிதம் எழுதியிருந்தார். 'பேசிய விலைக்கு உனக்கே தருகிறேன். சம்மதமானால் பத்து நாளைக்குள் பதில் போடு' என்று கண்டிருந்தது. சம்மதம் என்று அம்சா பதில் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, அப்பாவிடம் கொடுத்து மூன்று நாளாகிறது. அது சாமி படத்துக்குப் பின்னால் சுகமாக உட்கார்ந்திருந்தது.

"போடறேம்மா. நேத்து கரிநாள். இன்னிக்கி புதன், பன்னண்டுக்கு மேல ராகு காலம். நாளைக்கிக் காலையில குளிச்சிட்டுப் போட்டா ஆச்சு."

"நீ நல்ல நேரம் பார்த்துக்கினே இரு. லெட்டர் பெட்டியில விழுந்தாதான்பா அக்சப்டன்ஸ், நாம ஒத்துக்கினதா சட்டத்துல கணக்கு. அதுக்கு முன்னாடி அவரு வாணாம்னு சொல்லி அனுப்பினாலும் போச்சு. அவரே இல்லன்னு நம்ம காதுல விழுந்தாலும் போச்சு. உள்ள விழுந்துட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நல்ல வார்த்தை பேசு! ஐயா கல்லாட்டம் இருக்காரு. பேச்சு மாறுற மனுஷனும் இல்ல."

அவர் மாறமாட்டார்தான். பயமெல்லாம் அவர் மகன் பரசுராமனை நினைத்துத்தான். அந்த இடத்தில் பெட்ரோல் பங்க் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான் அவன். அவன் கை ஓங்கினால் முனிரத்தினம் குடும்பம் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அது தெரிந்தும் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற மனுஷரை என்ன செய்வது! அம்சா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே படிக்கப் போனாள்.

பன்னிரண்டேகால் இருக்கும். ரோட்டில் ஒரு காக்காய்கூட இல்லை. முனிரத்தினம் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே கோதண்டபாணி நின்றிருந்தார்.

"ஐயா! இந்த வெயில்ல கூரத்துலேர்ந்தா வர்றீங்க? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே!"

"பதில் போட்டுட்டியா?"

"நாளைக்கிக் காலையில போடலாம்னுங்க..."

"நாளைக்கி வாணாம். இப்பவே போடு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "என்னைப் பத்தி யாராச்சும் வந்து ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்களே."

"நல்லது. சொல்றதுக்குள்ள போட்டுடு."

முனிரத்தினம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் அதைத் தொடவில்லை. கொளுத்துகிற வெயிலில் வந்தவர் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. இடது கட்டைவிரலில் மட்டும் ஊதா மை அப்பிக் கிடந்தது. கைநாட்டு வைக்கிறவர்களைக் கண்டாலே திட்டுகிற மனுஷர் அவர். அந்த விரலில் மை எப்படி வந்தது? முனிரத்தினம் சொம்பைக் கீழே வைத்தார்.

"ராகு காலமாச்சுங்களே ஐயா..."

"எனக்கு இனிமே ராகு ஏது, குளிகை ஏது? அதோ பாரு, தபால்காரன் வந்துக்கினு இருக்கான்."

முனிரத்தினம் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்துக்கொண்டு ஓடினார். எதிர்ப் புளியமரத்தில் கட்டியிருந்த சிவப்புப் பெட்டியில் போட்ட கையோடு தபால்காரர் வந்து திறந்து, இருந்ததையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது பெரியவர் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் தெளிந்திருந்தது. "இனிமே இது உன் இடம், முனிரத்தினம்" என்றார். பிறகு இரண்டு காலையும் ஒட்டி ஒட்டி வைத்து, சின்னச் சின்ன அடியாக நடந்துபோய் ரோட்டு வளைவில் மறைந்தார்.

இரண்டு மணிக்குப் பரசுராமன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் ஒரு காகிதம்.

"முனிரத்தினம், அப்பா மனசு மாறிட்டாருபா. இடம் குடுக்கறதுக்கு இல்லன்னு எழுதி ரேகை வெச்சுக் குடுத்திருக்காரு."

சத்தம் கேட்டு வெளியே வந்த அம்சா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "ஐயா கையெழுத்துப் போடுவாருங்களே, ரேகை எதுக்கு?"

"உடம்பு முடியலம்மா. ரெண்டு நாளா படுத்த படுக்கை. எழுந்து உட்காரவே முடியல."

"நல்லா இருக்குதுங்க கதை!" என்று முனிரத்தினம் சிரித்தார். "பன்னண்டேகாலுக்கு இங்கதான் நின்னாரு. அவர் சொல்லித்தான் நான் லெட்டரே போட்டேன்."

"பொய் பேசாதே!"

"நான் ஏங்க பொய் பேசறேன்? இந்தத் தூணைத்தான் பிடிச்சுக்கினு நின்னாரு, பாருங்க."

சுண்ணாம்பு அடித்த தூணில் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. நடுவில் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அம்சா காகிதத்தை அதன் பக்கத்தில் பிடித்தாள். காகிதத்து ரேகையிலும் அதே தழும்பு, அதே இடத்தில்.

பரசுராமனின் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. அவன் தூணையே பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா காலையில எட்டு மணிக்கே போயிட்டாரும்மா... கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்டு, வெளிய யாருக்கும் சொல்லாம, நான்தான் அவர் கையைப் பிடிச்சு அந்த மையைத் தடவினேன்."