வெள்ளிக்கிழமை நேரம் இருக்குமா?

தஸ்நேவிஸின் தபால்பெட்டியில் 'மச்சாடோ' என்ற குடும்பப் பெயரைப் பார்த்த நாளிலிருந்து, மாடிவீட்டு இல்தாம்மா அவனிடம் போர்ச்சுக்கீசியத்தில் பேசித் தள்ளுவார். தூத்துக்குடியிலிருந்து லிஸ்பனுக்கு வந்தவனுக்குப் பரம்பரைப் பெயர்தான் இருந்தது, மொழி இல்லை. மனைவி மெட்டில்டாவை வெள்ளிக்கிழமை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்; துணைக்கு ஆளில்லை. "வெள்ளிக்கிழமை உங்களுக்கு நேரம் இருக்குமா?" என்பதை மட்டும் அந்த மொழியில் ஒரு வாரம் மனப்பாடம் செய்து இல்தாம்மாவிடம் கேட்டான். பதில் பத்து நிமிடம் ஓடியது.

"அவிய வருவாவளா?" என்றாள் மெட்டில்டா.

"யாருக்குத் தெரியும்? கேள்விய மட்டுந்தான படிச்சேன்."

வெள்ளி விடிந்ததும் கதவைத் திறந்தான். ஞாயிறு பூசைக்குச் சர்ச்சுக்குப் போகும் உடுப்பில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார் இல்தாம்மா. அவனைக் கண்டதும் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார். பேச்சை நிறுத்தாமலே மெட்டில்டாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.