பேச்சியைச் சுமந்தவர்கள்

“மாரிசெல்வியோட கேரக்டரை மாத்தணும் அங்கிள்” என்றான் வாசலில் நின்ற பையன்.

செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

எங்கள் சந்தில் ஒரு பெண்ணின் கேரக்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். அதுவும் செத்துப்போன என் மகளின் கேரக்டரைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருவன் வீடு தேடி வந்து பேசுகிறான்.

கூட வந்த பெண் பதறிப்போய்க் குறுக்கே வந்தாள். மாட்டுங்காவில் இருக்கிறாளாம், பெயர் சாருலதாவாம். அந்தப் பையன் ராஹிலுக்குத் தமிழ் சரியாக வராது, அவன் சொல்ல வந்தது வேறு என்றாள். அது ஒரு விளையாட்டாம்.

தாராவியில் வீடு தேடி வருகிறவனை நம்பக் கூடாது. வீட்டை இடித்துக் கட்ட என்று ஒருவன் சர்வே என்பான், ஒருவன் கையெழுத்து என்பான். விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள்தான் முதல். என் பெண்டாட்டி பேராச்சி மட்டும் உள்ளே கூப்பிடாமல் இருந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை சொல்வார்களாம். கதைக்குள் ஆளுக்கு ஒரு ஆள். அந்த ஆளைத்தான் கேரக்டர் என்கிறார்கள். அதற்குப் பலம் எத்தனை, வேகம் எத்தனை, உயிர் எத்தனை என்று ஒரு தாளில் நம்பர் எழுதி வைத்திருப்பார்கள்.

ராஹில் பகடையை எடுத்துக் காட்டினான். உடம்பெல்லாம் முகம், முகத்துக்கு ஒரு நம்பர். கள்ளப் பகடை மாதிரி இருக்கிறதே என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லி மாரிசெல்வி செம்பூருக்குப் போனது இதற்குத்தான். கிளாஸுக்குப் போகிறவள் அப்படிச் சிரித்துக்கொண்டு திரும்பி வர மாட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம்.

அவளுடைய ஆளின் பெயர் பேச்சி. இந்த ஆட்டத்துக்கு வெள்ளைக்காரன் போட்ட புத்தகத்தில், பூதமும் டிராகனும் திரிகிற காட்டில், எங்கள் குலசாமி பெயரில் ஒருத்தி கோடரியோடு அலைந்திருக்கிறாள்.

இப்போது அந்தப் புத்தகத்தை விட்டு வேறொரு புத்தகத்துக்கு மாறுகிறார்களாம். அதில் சட்டம் வேறு, கணக்கு வேறு. பழைய ஆட்களை ஒவ்வொருவராகப் புதுக் கணக்குக்கு மாற்றி எழுத வேண்டும். மற்ற நாலு பேரையும் மாற்றியாகிவிட்டது. பேச்சி மட்டும் பாக்கி.

ஒரு நம்பரை எழுத இரண்டு படித்த பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்றேன்.

சாருலதாதான் சொன்னாள்.

மாரிசெல்வி கடைசியாக விளையாடிய அன்று பேச்சி அடிபட்டு விழுந்தாளாம். உயிர் பூஜ்யம். பழைய புத்தகத்தில் பூஜ்யம் என்றால் சாவு இல்லை. அப்படியே கிடப்பாள், கூட இருப்பவர்கள் தேற்றி எழுப்பலாம். அடுத்த வாரம் எழுப்பிக்கொள்ளலாம் என்று பகடையை எடுத்து வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் லாக்டவுன். அப்புறம் மாரிசெல்விக்குக் காய்ச்சல்.

புதுப் புத்தகத்தில் பூஜ்யம் என்றால் சாவுதான். நடுவில் ஒன்றும் கிடையாது.

“அவளோடதை அவதான் எழுதணும் அங்கிள். நாங்க எழுதப்படாது. அதான் உங்ககிட்ட வந்தோம்” என்றாள் சாருலதா.

ஒன்று என்று எழுதினால் எழுந்துவிடுவாள். பூஜ்யம் என்றால் போய்விடுவாள். நான் சொல்வதை எழுதுவார்களாம்.

இத்தனை வருடமும் அவளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். காட்டிலேயே போட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

தூக்கிக்கொண்டு போகிறோம் என்றான் ராஹில், இந்தியில். அவனுடைய ஆள் முதுகில் தூக்கிக்கொள்வானாம். மலையோ ஆறோ சண்டையோ, எங்கே போனாலும். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்கும்போது, பேச்சியைத் தூக்கியாச்சா என்று யாராவது கேட்பார்கள். தூக்கியாச்சு என்பான். அவனுக்கு வாள் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். அதனால் பல தடவை தோற்றிருக்கிறார்கள்.

அப்போதுதான் அந்தப் பையனை ஒழுங்காகப் பார்த்தேன்.

ஒன்று என்றே எழுதச் சொல்லுங்களேன் என்றாள் பேராச்சி. அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

எழுதலாம். எழுந்து நடப்பாள். அவளுக்குப் பதிலாக யார் பேசுவது? வேறொருத்தி வந்து அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருவாள்.

“பூஜ்யம்னே எழுதுல” என்றேன். “தூக்குனது போதும். இறக்கி வைங்க.”

சாருலதா அழுதாள். பையன் அழவில்லை. எழுதி முடித்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை பேச்சியை அடக்கம் பண்ணுகிற ஆட்டம் ஆடலாமா என்று கேட்டான்.

எப்படி அடக்கம் பண்ணுவீர்கள் என்றேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குளிப்பாட்ட வேண்டும், மஞ்சள் பூச வேண்டும், புதுத்துணி உடுத்த வேண்டும், வாய்க்கரிசி போட வேண்டும் என்றேன். சாருலதா செல்போனில் எழுதிக்கொண்டே வந்தாள். வாய்க்கரிசியை முதலில் யார் போடுவது என்று கேட்டாள்.

பெற்ற அப்பன் என்றேன்.

கதையில் பேச்சிக்கு அப்பன் கிடையாது. வேண்டுமானால் சேர்க்கலாம், ஆனால் அவருக்கும் தாள் எழுதியாக வேண்டும் என்றான் ராஹில். புதுத்தாள் ஒன்றை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு பெயர் கேட்டான். கணேசபாண்டியன் என்று என் பெயரையே சொன்னேன்.

பலம் எத்தனை போடட்டும் என்றான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில், பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட நாலு பேர் மாரிசெல்வியைப் பையோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். முகம் பார்க்க முடியவில்லை. காலமெல்லாம் தோல் கிடங்கில் மூட்டை சுமந்தவன், இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

“எம்மவளை நான் ஒத்தையில தூக்கணும்” என்றேன். “அந்த அளவுக்குப் போடு.”