வெள்ளாட்டின் கணிப்பு

"நெஞ்சைப் பாரு, காலைப் பாரு! நாளைக்குப் பந்தயத்துல நம்ம புயலரசன்தான் முதல்ல வருவான்," என்றது ஓடி ஓய்ந்த குதிரை நவாப்.

"ரெண்டாவதா வந்தாலே பெருசு, அண்ணே," என்றது அதே லாயத்தில் வளர்ந்த வெள்ளாடு செவலை. புயலரசன் ஜெயித்தால் எல்லாருக்கும் ஆட்டுப் பிரியாணி என்று முதலாளி சொன்னதை அது காலையில் கேட்டிருந்தது.

நவாப் அந்தப் பக்கம் போனதும், செவலை அந்த இளங்குதிரையின் காதில் விஷயத்தைப் போட்டது.

"ஐயோ, நீ இல்லாம எனக்குத் தூக்கமே வராதே!" என்று பதறியது புயலரசன்.

மறுநாள் எல்லாரையும் முந்திப் பறந்த புயலரசன், எல்லைக்கோட்டருகே வேகத்தைக் குறைத்து இரண்டாவதாக வந்தது.

செவலை சொன்னது அப்படியே பலித்ததைப் பார்த்த நவாப், மாலையில் தன் பேரனை அழைத்துக்கொண்டு வந்து நின்றது. "இவன் தேறுவானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

செவலை தொண்டையைச் செருமிக்கொண்டது. "பல்லைக் காட்டச் சொல்லுங்க."