பொன்னுலகத்தில் எச்சில் தட்டு

"கல்யாணமானதுலேர்ந்து நான் கரடியா கத்தினேன், ஒரு டம்ளரைக் கழுவியிருப்பீங்களா? அவ சொன்னா மட்டும் கை தானா வேலை செய்யுதோ?"

மனைவிக்கு வயிறு எரிந்தது. விஞ்ஞான நாவல்கள் எழுதும் அவள் கணவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவ மாதிரி எடுத்துச் சொல்ல உனக்குத் தெரியலையே!" என்றார் எழுத்தாளர்.

'அவ' என்பது ஒரு மாதப் பத்திரிகையின் விமர்சகி. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் பொன்னுலகத்தைப் பற்றி இவர் எழுதிய நாவலை அவள் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தாள். 'ஆண்கள் நட்சத்திரங்களைப் பற்றி விவாதிக்கிறார்கள். பெண் அப்போதும் டீத் தட்டோடுதான் வருகிறாள். அந்த எச்சில் தட்டுகளை யார் கழுவுகிறார்கள்? ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவர் கட்டிய நகரம் இது.'

முதலில் எழுத்தாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பிறகு யோசித்தார். இப்போது அவள் கட்டுரை வராத மாதம் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

"ஈரத் துண்டு விஷயத்தைப் பாரேன்! ஆளைப் பாக்காமலே அச்சு அசலா சொல்லிட்டா. என்ன மூளை!"

"ஆமா, பெரிய மூளை!" மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன்னைப் பார்த்து ஒருநாளாவது இவர் இப்படி வாய் பிளந்ததுண்டா?

"அடுத்த நாவல் அவளுக்குத்தான் சமர்ப்பணம். பத்திரிகை ஆபீஸ்ல விலாசம் வாங்கி, இன்னைக்கே நேர்ல பாத்துடப் போறேன். என் நீலச் சட்டை எங்கே?"

"அவகிட்டயே கேளுங்க!"

சட்டையை அவரே தேடி எடுத்தார், அவரே இஸ்திரி போட்டார். மனைவி ஆசையாக வாங்கித் தந்தும் உறை பிரிக்காமலே கிடந்த சென்ட் பாட்டில் இன்றைக்குத்தான் திறந்தது. அவர் விசிலடித்தபடி படியிறங்கிப் போனதும், பொறாமை தாங்காமல் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த விமர்சகியோட விலாசம் கேட்டு என் வீட்டுக்காரர் அங்கே வந்துகிட்டிருக்கார்."

"அடடா! வழக்கம்போல மழுப்பி அனுப்பிடட்டுமாம்மா?"

"வேண்டாம் சார். எங்க வீட்டு விலாசத்தையே குடுத்துடுங்க."