இடது மூலையில் சிவப்பு நூல்

துணி காய்ந்திருந்தது.

தோள்பையைக்கூட இறக்காமல் பால்கனிக்குப் போன சங்கமித்ரா, வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பாத்தியா?" என்று வாய்விட்டே சொன்னாள். எதிரில் யாரும் இல்லை.

மாமியார் ரயிலேறி ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. துணி காய்ந்துவிட்டது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அம்புஜம் அத்தை மாயவரத்திலிருந்து வந்தது போன மாதம். மருமகள் பெங்களூர் ஒக்கலிபுரத்துச் சேரிப் பெண் என்று தெரிந்து கல்யாணத்துக்கே வராதவர், இரண்டு வருஷம் கழித்து முதல்முறையாக தொம்மலூர் வீட்டுக்கு வந்தார். வந்த அன்று, அவள் நீட்டிய காபித் தம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

அந்த ஒரு சுற்று போதும். அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒவ்வொன்றையும் கவனிக்க ஆரம்பித்தாள். துணி கண்ணில் பட்டது அப்படித்தான்.

சமையலறையில் இரண்டு துணிகள். அடுப்பு மேடை துடைக்க ஒரு கட்டம்போட்ட துணி. தட்டும் தம்ளரும் துடைக்க இந்த வெள்ளைத் துணி. தினமும் காலை ஏழரைக்கு இரண்டையும் சோடா போட்ட வெந்நீரில் ஊற வைத்து, தேய்த்து, அலசி, ஒரே கொடியில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். சாயங்காலம் திரும்பும்போது கட்டம்போட்டது அப்பளமாக விறைத்திருக்கும். வெள்ளை மட்டும் பிழிந்தால் சொட்டும்.

வாய் வைக்கிற பாத்திரத்தில் படுகிற துணி மட்டும்.

அப்போதே கேட்டுவிடத் தோன்றியது. ஆனாலும் பொறுத்தாள். பீன்யா தொழிற்பேட்டையில் அவளுக்குத் தரச் சோதனை வேலை. எதையும் கழித்துப் போடுமுன் மூன்று தடவை அளக்க வேண்டும். நாமே தப்பாக நினைக்கிறோமோ என்ற சந்தேகம் வேறு. வெள்ளைத் துணியின் ஒரு மூலையில் சிவப்பு நூலால் நான்கு தையல் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, ரகுவிடம்கூட. காலையில் காயப்போடும்போது நூல் இடது பக்கம்.

திங்கட்கிழமை சாயங்காலம் வலது பக்கம். செவ்வாயும் வலது பக்கம். புதனும்.

அவள் துவைத்ததை எடுத்து, மறுபடி துவைத்து, மறுபடி போட்டிருக்கிறார்கள்.

புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் அந்த ஈரத்துணியைக் கொண்டுபோய் அத்தையின் தட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்று வைத்தாள்.

"நான் துவைச்சது தீட்டா அத்தை? அப்ப நான் வச்ச சாம்பார் மட்டும் எப்படி உள்ள இறங்குது?"

அம்புஜம் துணியைப் பார்த்தார். நிமிர்ந்து மகனைப் பார்த்தார். ரகு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் பிசைந்து முடிக்கும்வரை பார்த்தார். பிறகு, "எனக்கு டிக்கெட் போட்டுடுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"அவங்க பழைய ஆளு, மித்ரா. மாற மாட்டாங்க. நீ கேட்டது கரெக்ட்" என்று ரகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். எப்போதும் அவள் பக்கம் நிற்பவன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். நண்பர்கள் வந்தால், "அசோகரோட பொண்ணு பேரு" என்று அவள் பெயரை அவளுக்கு முன்பே விளக்கிவிடுபவன். அன்றைக்கு அவன் சட்டை நனைய அழுதாள்.

நேற்றுச் சாயங்காலம் அம்மாவை ரயிலேற்றிவிட்டு வந்தவனும் அவன்தான்.

"வந்துட்டியா? டீ போடட்டுமா?" உள்ளேயிருந்து ரகுவின் குரல்.

"போடு" என்றாள். மனசு லேசாகியிருந்தது. துணியை எடுக்கக் க்ளிப்பைக் கழற்றினாள்.

கை நின்றது.

சிவப்பு நூல் வலது பக்கம் இருந்தது.

காலையில் இடது பக்கம் போட்டாள். நன்றாக நினைவிருக்கிறது. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். அவளுடைய சோடா வாசனை இல்லை. குளியல் சோப்பின் வாசனை.

அத்தை வருவதற்கு முன்பும், இரண்டு வருஷமாக, இந்தத் துணி சாயங்காலம் ஈரமாகத்தான் இருந்தது. "வெள்ளைத் துணி கொஞ்சம் தடி. நம்ம பால்கனிக்கு மத்தியானத்துக்கு மேல வெயிலும் கிடையாது, அதான்" என்று அவன் சொல்லியிருந்தான். அவளும் நம்பி, அதை மறந்தே போனாள். அவள் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதே தடித் துணி பதினோரு மணிக்கே காய்ந்தது ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

சமையலறையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. தம்ளரை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

துணியை முறுக்கினாள். காய்ந்த துணி. நகம் உள்ளங்கையில் பதியும்வரை முறுக்கினாள்.

பிறகு போனை எடுத்து அத்தையின் எண்ணை அழுத்தினாள். காலில் விழவா, ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கத்தவா என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். இவள் பேசுவதற்குள் அம்புஜம் கேட்டார்:

"இன்னைக்காவது வெயில் இருக்கறப்பவே துவைச்சுப் போட்டானா?"